வெளிச்சமும் உயிர்களின் தூக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் பக்கம் கால்நடை மருத்துவராக வேலை செய்கிறேன். கோழிப்பண்ணைக்காரர்கள், மாடு வைத்திருப்பவர்கள், கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று யாரிடம் பேசினாலும் ஒரு கட்டத்தில் பேச்சு விளக்கில் வந்து நிற்கிறது. எத்தனை மணிக்குப் போடுவது, எப்போது அணைப்பது, அணைக்கத்தான் வேண்டுமா? ஒரே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும், அதனால் முதலிலிருந்து படித்தால் நல்லது.

இருட்டினா தூங்கும், விடிஞ்சா எந்திரிக்கும். இதுல கேட்க என்ன இருக்குங்க?

அப்படித்தான் தோன்றும். ஆனால் வெளிச்சம் ஓர் உயிருக்குள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று உடனடி வேலை. கோழி ஷெட்டில் விளக்கைப் போட்டதும் கோழிகள் எழுந்து தீவனத்துக்குப் போகின்றன. சுண்டெலிக்கு இதுவே தலைகீழ்: ராத்திரி சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும் சுண்டெலி மேல் வெளிச்சத்தைப் போட்டால் சில நிமிஷங்களில் அடங்கித் தூங்கிவிடும். ஒரே விளக்கு, ஒன்றை எழுப்புகிறது, இன்னொன்றைத் தூங்க வைக்கிறது.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் முள்ளைத் தினமும் சரியாகத் திருப்பி வைப்பது வெளிச்சம். பண்ணையிலும் வீட்டிலும் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வேலை கெட்டுப்போவதால் வருகின்றன.

வெளிச்சமே படாத இடத்துல வெச்சிட்டா தூங்கிக்கிட்டே இருக்குமா?

இருக்காது. 1729-ல் பிரான்சில் தெ மைரான் என்ற வானியலாளர் தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமலும் அது பகலில் இலையை விரித்தது, ராத்திரி மூடிக்கொண்டது. மிருகங்களும் அப்படித்தான். முழு இருட்டில் வைத்த வெள்ளெலி தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்து சக்கரத்தில் ஓடத் தொடங்கும்.

'ஏறக்குறைய' என்று சொன்னதைக் கவனியுங்கள். உள்ளே ஓடும் கடிகாரம் சரியாக 24 மணி நேரத்துக்கு ஓடுவதில்லை. சில உயிர்களில் கொஞ்சம் வேகம், சிலவற்றில் கொஞ்சம் மந்தம். வீட்டுச் சுவர்க் கடிகாரம் தினம் ஐந்து நிமிஷம் தவறினால் ஒரு மாதத்தில் எங்கே போய் நிற்கும்? அதேபோல இருட்டில் வைத்த மிருகத்தின் பகலும் ராத்திரியும் நகர்ந்து நகர்ந்து, சில வாரங்களில் வெளியுலகத்துக்குச் சம்பந்தமில்லாமல் போய்விடும். தினமும் விடியலும் அந்தியும் வந்து அதைச் சரிசெய்வதால்தான் நமக்கு இந்தத் தவறுதல் தெரிவதில்லை.

அந்தக் கடிகாரம் உடம்புல எங்க இருக்கு?

பாலூட்டிகளில் மூளையின் அடிப்பாகத்தில், இரு கண் நரம்புகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட சின்னக் கொத்து. 1972-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக எலிகளில் அந்த இடத்தைச் சிதைத்துப் பார்த்தன. எலிகளின் நாள் ஒழுங்கு காணாமல் போனது. 1990-ல் இன்னும் அழகான சோதனை ஒன்று நடந்தது. 20 மணி நேரத்தில் ஒரு 'நாளை' முடித்துவிடும் பிறவி மாற்றம் கொண்ட வெள்ளெலியின் அந்தச் செல்களை, கொத்து நீக்கப்பட்ட சாதாரண வெள்ளெலிக்குள் வைத்தார்கள். அந்தச் செல்களைப் பெற்ற வெள்ளெலியின் நாளும் 20 மணி நேரம் ஆனது.

பறவைகளில் மூளையின் மேற்புறம் இருக்கும் பினியல் சுரப்பிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஊர்க்குருவியிலிருந்து அதை எடுத்துவிட்டுத் தொடர் இருட்டில் வைத்தால் குருவிக்கு நாள் கணக்கே தவறிவிடுகிறது. பழ ஈயிலோ கடிகார வேலையை ஏறக்குறைய 150 செல்கள் பார்த்துக்கொள்கின்றன. அந்தக் கடிகாரத்தின் மரபணுவை 1971-ல் கோனோப்காவும் பென்சரும் அடையாளம் காட்டினார்கள். அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்க நாய்க்கு ரெண்டு கண்ணும் தெரியாது. அதுக்கு ராத்திரி பகல் தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். விழித்திரையில் உருவத்தைப் பார்க்கும் செல்கள் தனி, 'இப்போது வெளிச்சமாக இருக்கிறதா' என்று மட்டும் பார்த்து மூளைக் கடிகாரத்துக்குச் சொல்லும் செல்கள் தனி. பிந்தைய செல்களில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. 1998-ல் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது தவளையின் தோலில்! பிறகு பாலூட்டிகளின் விழித்திரையிலும் இருப்பது தெரிந்தது. 2002-ல் அந்தச் செல்கள் தாமாகவே வெளிச்சத்தை உணர்கின்றன என்று உறுதியானது. நீல வெளிச்சத்துக்கு அவை அதிகம் அசைந்து கொடுக்கும்.

உங்கள் நாய்க்குக் கண்புரையால் பார்வை போயிருந்தால் வெளிச்சம் உள்ளே போகத்தான் செய்கிறது, கவலை வேண்டாம். விழித்திரையின் பார்க்கும் செல்கள் மட்டும் அழிந்திருந்தாலும் கடிகாரம் தப்பிக்க வழி உண்டு. கண்ணழுத்த நோய் முற்றி நரம்பே பட்டுப்போயிருந்தாலோ, கண்ணையே எடுத்திருந்தாலோதான் கஷ்டம். அப்போது சாப்பாட்டையும் நடைக்கு அழைத்துப் போவதையும் தினமும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் அளவுக்கு வலுவில்லாவிட்டாலும் நாய் அதையும் பிடித்துக்கொள்ளும்.

சேவல் நடுராத்திரியில கூவுது. தெருவிளக்கப் பாத்து விடிஞ்சிருச்சுன்னு நெனைக்குதா?

'கோழி கூவித்தான் பொழுது விடியுமா' என்று நாம் கேட்போம். பொழுது விடிந்துதான் கோழி கூவுமா என்று ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில் சேவல்களை எப்போதும் ஒரே மாதிரி மங்கலான வெளிச்சம் உள்ள அறையில் வைத்தார்கள். விடியலே இல்லாத அந்த அறையிலும் சேவல்கள் அவற்றின் உள் விடியலை ஒட்டித் தினமும் கூவின. வெளிச்சம் போட்டு அணைக்கும் அறையில் வைத்தபோது, விளக்கு எரிவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே கூவத் தொடங்கிவிட்டன. ஆக, விடியலுக்கு முன்பே கூவுகிறது என்றால் அது சரியான சேவல்தான்.

கார் விளக்கோ பக்கத்து வீட்டுச் சேவலோ இடையில் கூவ வைக்கவும் செய்யும். ஆனால் அதே வெளிச்சம் விடியலை ஒட்டிப் பட்டால் வேலை செய்யும் அளவுக்கு மற்ற நேரத்தில் செய்யாது. அப்புறம் ஒரு சுவாரஸ்யம்: பல சேவல்கள் இருக்கும் இடத்தில் முதலில் கூவுவது கூட்டத்தின் தலைமைச் சேவல். மற்றவை தரவரிசைப்படி பின்னால் கூவுகின்றன. அதிகாலையில் எழுபவர்கள் ஒருநாள் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

கோழிக்கு மண்டை வழியா வெளிச்சம் தெரியும்னு சொல்றாங்க. நெசமா?

நிஜம். பறவைகளின் மூளைக்குள்ளேயே வெளிச்சத்தை உணரும் செல்கள் இருக்கின்றன. மண்டையோடு மெல்லியது, வெளிச்சம் ஊடுருவிப் போகும். அமெரிக்காவில் மைக்கேல் மெனாக்கர் 1960-களில் கண் நீக்கப்பட்ட ஊர்க்குருவிகளை வைத்து இதைக் காட்டினார். கண் இல்லாமலும் அவை வெளிச்சத்தோடு ஒத்துப்போயின. தலை இறகைப் பிடுங்கியதும் மிக மங்கலான வெளிச்சத்தைக்கூட உணர்ந்தன. தலைத் தோலுக்கு அடியில் கறுப்பு மை செலுத்தியதும் அந்த உணர்வு குறைந்தது.

நம் வேலியில் தலையாட்டும் ஓணானின் உச்சந்தலையிலும் கடுகு மாதிரி ஒரு புள்ளி உண்டு. அது மூன்றாவது கண். உருவம் பார்க்காது, வெளிச்சத்தை அளக்கும். கோழிக்காரர்களுக்கு இந்த விஷயம் ஏன் முக்கியம் என்பது சிவப்பு பல்ப் கேள்வியில் வரும்.

லேயருக்கு 16 மணி நேரம் லைட் குடுக்கறோம். 24 மணி நேரமும் குடுத்தா முட்டை கூடாதா டாக்டரம்மா?

கூடாது. நீண்ட பகல் என்பது கோழியின் மூளைக்கு 'இது குஞ்சு பொரிக்க ஏற்ற பருவம்' என்ற செய்தி. 14 முதல் 16 மணி நேரத்திலேயே அந்தச் செய்தி முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு மேல் கொடுப்பது ஏற்கெனவே கேட்ட காதுக்குள் கத்துவது போல. ஒரு முட்டை கோழிக்குள் உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதை விளக்கு குறைக்காது.

முட்டைக்கான ஹார்மோன் எழும்புவது இருட்டோடு பிணைந்தது. கூட்டத்துக்கு இருட்டு ஒரே நேரத்தில் வருவதால்தான் பெரும்பாலான கோழிகள் காலையில் அடுத்தடுத்து முட்டையிடுகின்றன, நீங்களும் ஒரே நேரத்தில் சேகரிக்க முடிகிறது. தொடர் வெளிச்சத்தில் அந்த ஒழுங்கு சிதறி, முட்டை நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வரும். ஓய்வில்லாத கோழி பக்கத்துக் கோழியைக் கொத்துவதும் உண்டு.

பிராய்லர் ஷெட்ல லைட்ட அணைச்சா தீவனம் எடுக்கறது கொறையுது. எடை வேணுமே, ஏன் அணைக்கச் சொல்றீங்க?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வெளிச்சம் இருந்தால் குஞ்சு எழுந்து தின்கிறது, உண்மை. ஆனால் பிராய்லர் என்பது ஐந்து, ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும் உடம்பு. சதை ஏறுகிற வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஓடி வர வேண்டும். இருட்டில் கோழி உட்கார்ந்து தூங்கும் நேரத்தில்தான் அவற்றுக்கு அவகாசம் கிடைக்கிறது. 23 மணி நேர வெளிச்சத்தில் வளர்ந்த கூட்டத்தில் கால் கோணுவது, திடீரென்று மல்லாந்து சாவது, கண் விழி பெரிதாவது எல்லாம் கூடுகின்றன. முதல் வாரத்துக்குப் பிறகு இருட்டுக் கொடுத்த கூட்டம் நடுவில் கொஞ்சம் பின்தங்கும், பிறகு எட்டிப் பிடிக்கும். தின்ற தீவனத்துக்கு ஏறும் எடையும் நன்றாகவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் கொண்டுவந்த பிராய்லர் விதியில் ஒரு நாளில் மொத்தம் 6 மணி நேரம் இருட்டு கட்டாயம். அதில் 4 மணி நேரமாவது இடைவிடாமல் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணத்தை நான் கண்ணால் பார்த்தேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பண்ணையில் ராத்திரி 9 மணிக்குக் கரண்ட் போனது, ஜெனரேட்டர் கைகொடுக்கவில்லை. அந்தக் குஞ்சுகள் பிறந்ததிலிருந்து இருட்டைப் பார்த்ததே இல்லை. பயந்து எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. டார்ச் அடித்துப் பார்த்தபோது மேலே இருந்தவை துடித்துக்கொண்டிருந்தன. கைகளால் வாரி வாரி எடுத்தோம். அடியில் இருந்தவை சூடாக, அசைவில்லாமல், இறகெல்லாம் வியர்த்த மாதிரி ஈரமாக இருந்தன. தினமும் இருட்டைப் பழகிய கூட்டத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு முணுமுணுப்பு எழும், அப்புறம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும்.

செவப்பு பல்ப் போட்டா தூக்கம் கெடாதுன்னாங்க. ராத்திரி முழுக்க எரிய விடலாமா?

எலிக்கும் முயலுக்கும் ஓரளவு சரி. முன்னால் சொன்ன மெலனாப்சின் செல்கள் நீலத்துக்கு அதிகம் அசைபவை, சிவப்புக்கு மந்தம். அதனால்தான் ஆய்வகங்களில் மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் எலிகளைப் பார்வையிடுகிறார்கள்.

கோழிக்கு இதே கணக்கைப் போட்டால் தப்பு. கோழி சிவப்பை நன்றாகவே பார்க்கும். தவிர, தோலையும் எலும்பையும் தாண்டி மூளைக்குள் ஆழமாகப் போவது சிவப்புதான், நீலம் வழியிலேயே நின்றுவிடும். விரலுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் சிவப்பாகத் தெரிகிறதே, அதே காரணம். மண்டை வழியே உணரும் கோழிக்கு ராத்திரி முழுக்க எரியும் சிவப்பு பல்ப் பகல் மாதிரியே வேலை செய்யும். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க வேண்டுமென்றால் முதல் சில நாளைக்குப் பிறகு வெளிச்சம் தராத சூடேற்றிக்கு மாறுங்கள்.

மெலடோனின்தான தூக்கம் வரவைக்கும்? அப்ப ஆந்தைக்கும் எலிக்கும் அது பகல்ல சுரக்குமா?

பலரும் தடுமாறும் இடம். 1958-ல் ஆரன் லெர்னர் மாட்டின் பினியல் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்த பொருள் மெலடோனின். பகலில் உலவும் உயிருக்கும் ராத்திரியில் உலவும் உயிருக்கும் அது ராத்திரியில்தான் சுரக்கிறது. எலி மூளையிலும் நள்ளிரவில்தான் அது உச்சத்தில் இருக்கும். எலியோ அப்போது சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே அதைத் தூக்க ஹார்மோன் என்பதைவிட 'இருட்டிவிட்டது' என்று உடம்பெங்கும் தண்டோரா போடும் ஹார்மோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதியைக் கேட்டுக் கோழி படுக்கிறது, எலி வேலைக்குக் கிளம்புகிறது. ஆய்வகச் சுண்டெலி இனங்கள் பலவற்றுக்கு மெலடோனின் சுரப்பதே இல்லை, ஆனாலும் அவை தூங்குகின்றன. அது சுரக்கும் உயிர்களில் பெரும்பாலானவற்றில் ராத்திரி வெளிச்சம் பட்டால் இந்தச் சுரப்பு குறையும். நாய்க்கோ பறவைக்கோ மனுஷர் சாப்பிடும் மெலடோனின் மாத்திரையை உங்கள் யோசனையில் கொடுக்காதீர்கள்.

குகைக்குள்ள தொங்கற வௌவாலுக்கு வெளியில இருட்டிருச்சுன்னு யாரு சொல்றது?

இதற்குப் பதில் மதுரையிலிருந்தே வந்தது என்பதில் எனக்குப் பெருமை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகார ஆய்வுக்கு ஒரு பள்ளியையே உருவாக்கினார். அவரும் ஜி. மாரிமுத்துவும் மற்றவர்களும் அங்கே குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்களைப் பல வருடம் கவனித்தார்கள். பகல் வெளிச்சம் எட்டாத உள்பகுதியில் தொங்கும் வௌவால்கள், அந்தி நேரத்தில் நேரே வெளியேறிவிடுவதில்லை. முதலில் வாசல் வரை பறந்து வந்து, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே திரும்புகின்றன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து பார்க்கின்றன. போதுமான அளவு இருட்டியதும் கிளம்புகின்றன. வாசலுக்கு எப்போது வர வேண்டும் என்பதை உள் கடிகாரம் சொல்கிறது, எப்போது கிளம்பலாம் என்பதை வெளிச்சம் சொல்கிறது.

1981-ல் வெளியான அவர்களின் சோதனை இன்னும் சுவையானது. ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்துக் குகையின் இருட்டில் வைத்தார்கள். வாசலுக்கு வந்து வெளிச்சம் பார்க்க அதற்கு வழியில்லை. ஆனால் சுற்றிலும் மற்ற வௌவால்கள் வழக்கம்போலப் போய் வந்துகொண்டிருந்தன. கூண்டு வௌவாலின் கடிகாரம் அவற்றோடு சேர்ந்தே சரியாக ஓடியது. கூட்டம் இல்லாத இடத்தில் வைத்ததும், இரண்டாவது கேள்வியில் சொன்னது போல அதன் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்து போனது. வெளிச்சம் எட்டாத இடத்தில் சொந்தக்காரர்களின் நடமாட்டமே அதற்கு விடியலும் அந்தியுமாக இருந்திருக்கிறது.

பௌர்ணமி வெளிச்சத்துல தூக்கம் கெடாதப்ப, ஒரு சின்ன பல்ப்பால என்ன ஆயிரும்?

கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். வீட்டு டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ். தெருவிளக்கின் கீழே 5 முதல் 20 லக்ஸ். முழு நிலா? 0.1 முதல் 0.3 லக்ஸ் மட்டுமே. நமக்கு மங்கலாகத் தெரியும் தெருவிளக்கு நிலாவைவிடக் குறைந்தது பத்து மடங்கு பிரகாசம். ராத்திரியில் வெறும் 5 லக்ஸில் வைத்த சுண்டெலிகள் தின்னக்கூடாத நேரத்தில் தின்று எடை போட்டன என்று 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது.

நிலாவும் வெறுமனே இருப்பதில்லை. பழந்தின்னி வௌவால்களில் சில இனங்கள் நிலா வெளிச்சத்தில் வெளியே சுற்றுவதைக் குறைத்துக்கொள்கின்றன. பூச்சியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கும் பக்கிக் குருவிகளோ நிலா நாளில் அதிகம் வேட்டையாடுகின்றன. ஆனால் நிலா மாதத்துக்கு ஒருமுறை வளர்ந்து தேயும், தினம் நேரம் மாறும். தெருவிளக்கு 365 நாளும் அதே இடத்தில், அதே அளவில் நிற்கும்.

வெள்ளை எல்இடிக்குப் பதிலா மஞ்சள் வெளக்குப் போட்டா பறவைகளுக்கு நல்லதா?

சில பறவைகளுக்கு நல்லது. ஆஸ்திரேலியாவில் மேக்பை, புறா இரண்டின் மூளை மின்னலைகளையும் ராத்திரி விளக்கில் பதிவு செய்தார்கள். ஆய்வு 2020-ல் வந்தது. இரண்டுக்குமே தூக்கம் கெட்டது. மேக்பைக்கு மஞ்சள் விளக்கில் கெடுதல் குறைந்தது. புறாவுக்கு வெள்ளை, மஞ்சள் இரண்டும் ஒன்றுதான். நிறத்தை மாற்றுவதைவிட வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி போடுவதும், தேவையில்லாத நேரத்தில் அணைப்பதும் எல்லாப் பறவைக்கும் உதவும். என் ஓட்டு அதற்கே.

நகரத்துப் பறவை ராத்திரியில பாடறதுக்கு எல்லாமே வெளிச்சம்தான் காரணமா?

எல்லாமே இல்லை. வியன்னா காட்டில் தெருவிளக்குக்கு அருகில் வசிக்கும் ஆண் பறவைகள், உள்காட்டுப் பறவைகளைவிட விடியலில் சீக்கிரம் பாடத் தொடங்கியதை 2010-ல் பதிவு செய்தார்கள். அது வெளிச்சத்தின் கைவேலை. ஆனால் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ராபின் பறவை ராத்திரியில் பாடுவதை 2007-ல் ஆராய்ந்தபோது, பகலில் அந்த இடத்தில் இருந்த இரைச்சலே பெரிய காரணமாகத் தெரிந்தது. பகலெல்லாம் வண்டிச் சத்தம், அதனால் அமைதியான நேரத்தைத் தேடிப் பாடுகிறது. விளக்கை மட்டும் குற்றவாளி ஆக்குவதற்கு முன் சுற்றிலும் கேளுங்கள்.

லவ் பேர்ட்ஸ் கூண்ட ராத்திரி துணி போட்டு மூடலாமா?

மூடலாம், மூச்சு முட்டாத பருத்தித் துணியாக இருக்கட்டும், ஒரு பக்கம் கொஞ்சம் திறந்திருக்கட்டும். பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருட்டு நல்லது. ஆனால் துணி சத்தத்தை மறைக்காது. டிவி ஓடும் கூடத்தில் கூண்டை வைத்து 11 மணி வரை சீரியல் பார்த்துவிட்டு, காலை 6 மணிக்குத் துணியை எடுத்தால் பறவைக்கு ஏழு மணி நேரம்தான் கிடைக்கிறது. கூண்டைப் படுக்கையறைக்கோ ஆளில்லாத அறைக்கோ மாற்றுங்கள்.

மீனுக்கு இமையே கெடையாதே, தொட்டி லைட் எரிஞ்சா என்ன?

இமை இல்லாததால்தான் அணைக்கச் சொல்கிறேன், மீனால் கண்ணை மூடித் தப்பிக்க முடியாது. மீன்கள் தூங்கும். தரையை ஒட்டியோ செடிக்கு நடுவிலோ அசையாமல் நிற்கும், மெதுவாகத் தட்டினால் உடனே விலகாது. வரிக்குதிரை மீனில் செய்த ஆய்வுகளில், வெளிச்சம் எரியும்வரை தூக்கம் வெகுவாக அடங்கிவிட்டது. எட்டு முதல் பத்து மணி நேரம் விளக்கு போதும், பாசியும் குறையும்.

மாட்டுக் கொட்டாய்ல பாம்புக்காக ஒரு பல்ப் எரியுது. பால் கொறையுமா?

மங்கலான ஒற்றை பல்ப்பால் பால் குறையாது. குளிர் நாடுகளில் குறுகிய குளிர்காலப் பகலை விளக்குப் போட்டு 16 மணி நேரமாக நீட்டினால் பால் தினம் சுமார் 2 கிலோ வரை கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். 24 மணி நேரமாக்கினால் அந்த லாபம் கிடைப்பதில்லை. லேயர் கோழிக்குச் சொன்ன அதே காரணம்.

மாடு ஒரு நாளில் நான்கு மணி நேரம் அளவுக்குத்தான் ஆழ்ந்து தூங்கும், அசைபோட்டபடி அரைத்தூக்கத்தில் இருப்பது தனி. கழுத்தை விலாப் பக்கம் மடித்துத் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தால் அதுதான் ஆழ்ந்த தூக்கம். பல்ப்பை மாட்டின் முகத்துக்கு நேராக மாட்டாமல் வாசல் பக்கம் தாழ்வாக மாட்டுங்கள். பாம்பும் தெரியும், மாடும் தூங்கும்.

மாசக்கணக்குல சூரியன் மறையாத ஊர்ல மிருகமெல்லாம் எப்பத்தான் தூங்கும்?

ஸ்வால்பார்ட் தீவுகளின் கலைமான்கள் கோடையிலும் நடுக்குளிர்காலத்திலும் 24 மணி நேர ஒழுங்கையே கைவிடுகின்றன என்று 2005-ல் தெரிந்தது. தின்பது, படுப்பது, மறுபடி தின்பது என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கோடையில் ஓயாமல் மேய்ந்தால் தூக்கம்? நார்வேயில் கலைமான்களின் மூளை அலைகளைப் பதிந்த ஆய்வு 2023 டிசம்பரில் வந்தது. அவை அசைபோடும்போது மூளை அலை ஆழ்தூக்கத்தைப் போலவே இருந்தது. அதிகம் அசைபோட்ட மானுக்குப் பிறகு தூக்கத் தேவை குறைந்தது. அசைபோடுவதிலேயே ஓய்வு!

அலாஸ்காவில் கூடு கட்டும் மார்புக்கோட்டு உள்ளான் பறவையில் ஆண்கள், இணை தேடும் மூன்று வாரங்களில் தூக்கத்தைக் கிட்டத்தட்டத் துறந்துவிடுகின்றன. ஓர் ஆண் 19 நாட்கள் 95 சதவீத நேரம் விழித்தே இருந்தது. குறைவாகத் தூங்கியவற்றுக்கே குஞ்சுகள் அதிகம் என்று 2012 ஆய்வு சொல்கிறது. வெளிச்சம் வாய்ப்பைத் திறந்து வைத்தது, தூக்கத்தை விட்டது அந்தப் பறவையின் தேவை.

கடற்கரை வெளக்கப் பாத்து ஆமைக்குஞ்சு ரோட்டுக்கு வருதே, அதுவும் தூக்கக் கோளாறா?

இல்லை, அது வழி தவறுவது. பங்குனி ஆமைக் குஞ்சுகள் ராத்திரி மணலைவிட்டு வெளிவந்ததும் பிரகாசமான அடிவானத்தை நோக்கி நகரும். இயற்கையில் அது கடல். சென்னையில் அது தெருவிளக்கு. 1988 முதல் அங்கே மாணவர்கள் ராத்திரி நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். உயிர்க்கடிகாரத்தோடு சம்பந்தமில்லை என்றாலும் தீர்வு ஒன்றுதான்: அந்த மாதங்களில் கரையோர விளக்கை அணைப்பது.

ஒருநாள் கல்யாணத்துக்கு மரத்துல சீரியல் செட் சுத்தறோம். ஒரே ராத்திரியில என்ன கெட்டுறப் போகுது?

ஒரே ராத்திரி என்றால் கடிகாரம் ஒன்றிரண்டு நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் எந்த நேரத்தில் வெளிச்சம் படுகிறது என்பது முக்கியம். ராத்திரியின் முற்பகுதியில் பட்டால் கடிகாரம் பின்னுக்குத் தள்ளப்படும், பறவை மறுநாள் தாமதிக்கும். விடியலுக்கு முந்தைய சாமத்தில் பட்டால் முன்னுக்கு இழுக்கப்படும். விடிய விடிய எரிந்தால் இரண்டு பக்கமும் இழுபடும், அன்றைக்குத் தூக்கமும் போகும். ஆகவே முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

அந்த மரத்தில் மைனாவோ கொக்கோ அடைகிறதா என்று முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தலைமுறையாகத் தீபாவளி வெடியே வெடிப்பதில்லை. போன தை மாதம் எங்கள் தெருக் கல்யாண வீட்டில் புளியமரத்தைச் சுற்றிய சீரியல் செட்டை அவிழ்க்கச் சொல்லிக் கேட்டேன். மாப்பிள்ளையின் தாத்தா அண்ணாந்து பார்த்தார். கிளையெல்லாம் மைனாக்கள் நெருக்கியடித்து இடம்பிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. "அட, இதுங்களும் வந்திருக்குதே," என்று சொல்லிவிட்டு, பையன்களைக் கூப்பிட்டுச் செட்டைக் கழற்றிப் பந்தக்காலில் கட்டச் சொன்னார்.